வலது சக்கரத்துச் சிவப்புக் கோடு

பொம்மனஹள்ளியில் இருக்கும் என் ஸ்கூட்டர் பட்டறையின் அலமாரியில் ஒரு சிவப்பு நெயில் பாலிஷ் புட்டி எப்போதும் இருக்கும். புதிதாக வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு என்னையும் ஒரு தினுசாகப் பார்ப்பார்கள். தொண்ணூறுகளில் நான் கார் பந்தய அணி ஒன்றில் மெக்கானிக்காக இருந்தபோது பிடித்த பழக்கம் அது. போல்ட்டை முறுக்கி முடித்ததும் அதன் தலையிலிருந்து பக்கத்து இரும்பு வரை ஒரு சிவப்புக் கோடு இழுப்போம். போல்ட் தளர்ந்தால் கோடு உடைந்து தெரியும். முறுக்காமல் கோடு போடக் கூடாது. எங்களுக்கு அது சாமி சத்தியம் மாதிரி.

எங்கள் ஓட்டுநருக்கு வீடு விவேக் நகரில். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். ஹெல்மெட்டை மாட்டுவதற்கு முன் முன்சக்கரங்களின் அருகே குனிந்து கோடுகளைப் பார்ப்பார். "கோடு போட்டாச்சாப்பா?" என்பார். "போட்டாச்சுண்ணா" என்பேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டார், ஏறி உட்கார்ந்துவிடுவார்.

அந்த ஆண்டின் கடைசிப் பந்தயத்துக்கு இரண்டு வாரம் முன்பு, ஒரு காலையில் அவருடைய சீட்டைக் காணோம். பந்தயக் காரின் சீட் ஓட்டுநரின் முதுகுக்கே அச்செடுத்து வார்ப்பது. வேறு யாருக்கும் ஆகாது. அதனால் அணி மாறுகிறவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் முதலில் சீட்டைத்தான் எடுத்துப் போவார்கள். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை. டீக்கடையில், "அண்ணன் கோயம்புத்தூர் டீமுக்குப் போறாரு போல, சீட்டக் காணோம்" என்று என் திருவாயால் சொன்னேன். வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்த கதைதான். சாயங்காலத்துக்குள் அது அணியின் முதலாளி காதுக்குப் போய்விட்டது. மறுநாளிலிருந்து அண்ணன் உள்ளே வந்தால் பேச்சு நின்றுவிடும். அவரும் ஏன் என்று கேட்கவில்லை. பழைய சீட்டைத் தேடி எடுத்துப் பொருத்திக்கொண்டார். அதையும் வேஷம் என்றோம்.

பந்தயம் சென்னைப் பக்கம். அன்று காலை ஸ்டீயரிங் கம்பிகளின் மூட்டுகளை மாற்றினேன். இடது பக்கத்தை ஸ்பேனரால் முறுக்கிக் கோடு போட்டேன். வலது பக்கத்து போல்ட்டை விரலால் சுற்றி வைத்தபோது முதலாளி கூப்பிட்டார்.

"அந்த கியர் நோட்டு எங்க? அவன் கண்ல படாம எத்துனு போய் வேன்ல வை. நாளைக்கு அங்க போய் எல்லாத்தையும் ஒப்பிச்சுடுவான்."

எந்தப் பந்தயத்துக்கு எந்த கியர் என்று நாங்கள் குறித்துவைத்த நோட்டு அது. ஒளித்து வைத்துவிட்டு வந்தேன். ஸ்பேனர் வலது சக்கரத்தின் அருகே கிடந்தது. முடித்துவிட்டுத்தான் போனேன் என்று நினைத்துக்கொண்டு கோட்டை இழுத்தேன். அண்ணன் வந்தார், குனிந்தார், கேட்டார். அவர் முகத்தைப் பார்க்காமலே "போட்டாச்சு" என்றேன். அண்ணா என்று சொல்லவில்லை. அத்தனை ரோஷம் எனக்கு.

கார்கள் கிளம்பிய பிறகுதான் சந்தேகம் வந்தது. அந்த ஸ்பேனர் போதுமான அளவு முறுக்கியதும் 'டக்' என்று ஒரு சத்தம் போடும். இடது பக்கத்துச் சத்தம் நினைவிருந்தது. வலது பக்கத்துச் சத்தத்தை எவ்வளவு தேடியும் என் காதில் காணோம். பந்தயப் பாதையிலிருந்து அவரை உள்ளே அழைக்கும் பலகை என் காலடியில்தான் இருந்தது. தூக்கிக் காட்டினால் பந்தயம் போச்சு. போல்ட் சரியாக இருந்துவிட்டால், நானும் கோயம்புத்தூருக்கு விலைபோனவன் என்பார் முதலாளி. அடுத்த சுற்றில் காட்டலாம் என்று இருந்தேன். எங்கள் கார் என் எதிரே கடந்து போனது. பலகையைத் தொட்டேன், தூக்கவில்லை. அடுத்த சுற்றிலும் அப்படியே. அதற்கடுத்த சுற்றில் தூரத்து வளைவில் ஒரு இன்ஜின் சத்தம் பாதியில் நின்றது. மற்ற கார்கள் எல்லாம் வந்தன.

உயிர் பிழைத்தார். வலது கை விரல்கள் மட்டும் அதற்குப் பிறகு மடங்கவே இல்லை. கார் நொறுங்கிக் கிடந்ததில் எந்த போல்ட் எப்படி இருந்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. வேகத்தின் மேல் பழியைப் போட்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

மூன்றாம் நாள் ஸ்ரீராம்புரத்திலிருந்து ஒரு குஷன் தைக்கிறவர் காணாமல் போன அந்தச் சீட்டை ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார். "லேட்டாயிடுச்சு, கோச்சுக்கப் போறாரு. வெலா எலும்புல அடியாம், பஞ்சு வெச்சுத் தெக்கச் சொன்னாரு. மொதலாளிக்குத் தெரிஞ்சா எடம் போயிடும், யார்கிட்டயும் சொல்லாதன்னாரு" என்றார். அண்ணன் எங்கேயும் போவதாக இல்லை. எங்களிடமே இருப்பதற்காகத்தான் வலியை மறைத்திருக்கிறார். அந்தச் சீட்டைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அந்த மாதமே வேலையை விட்டேன்.

இப்போது அண்ணன் தன் ஸ்கூட்டரைப் பழுதுபார்க்க என்னிடம்தான் விடுகிறார். அவரால் ஓட்ட முடியாது, மகள் ஓட்ட, பின்னால் உட்கார்ந்து வருவார். பட்டறைக்கு வந்ததும் பழைய ஞாபகத்தில் சக்கரத்தருகே குனிந்து, "கோடு போட்டாச்சாப்பா?" என்பார். எத்தனையோ முறை சொல்லிவிட நினைத்து நாக்கு எழவில்லை. போன வாரம் ஸ்பேனரை எடுத்து அவருடைய இடது கையில் கொடுத்தேன். "நீங்களே ஒரு தபா முறுக்கிப் பாத்துடுங்கண்ணா" என்றேன்.

அவர் ஸ்பேனரைத் திருப்பி என் கையிலேயே வைத்தார். சிரித்தார். "அட போப்பா. உன் கோட்ட நான் என்னிக்குச் சந்தேகப்பட்டிருக்கேன்?"