நாலு காட்டலான் நாவல்களும் என் நல்ல பழக்கமும்

தொண்ணூறுகளின் கடைசியில் அமெரிக்காவில் ரவுண்ட் ராக் என்ற ஊரில் இருந்தோம். என் விசாவில் வேலை பார்க்கக் கூடாது. வீட்டில் ஒரே கார். கணவர் ஆபீஸ் போகும் வழியில் என்னை நூலகத்தில் இறக்கிவிட்டு, மதியம் வந்து அழைத்துப் போவார். அந்த மூன்று மணி நேரத்தில்தான் காட்டலான் நாவல்கள் என் கண்ணில் பட்டன.

மொத்தமே நாலு, எல்லாம் ஆங்கில மொழிபெயர்ப்பு. ஸ்பெயினுக்குள் இப்படி ஒரு மொழி இருப்பதே எனக்கு அதுவரை தெரியாது. ஒரு காலத்தில் பள்ளிகளில் அதைத் தடை செய்திருந்தார்களாம். ஒரு நாவலில் ஒரு தையல்காரி வருவாள். கடையில் அரசாங்க மொழி பேசுவாள். கதவைச் சாத்தியதும் மகளைத் தன் மொழியில் வாங்கு வாங்கென்று வாங்குவாள். என் மகளோ நான் தமிழில் கேட்டால் இங்கிலீஷில்தான் பதில் சொல்வாள். நான் அதற்காகப் புலம்பிக்கொண்டே இருந்தேன். அந்தத் தையல்காரி ஒரு பக்கத்தில்கூடப் புலம்பவில்லை, பேசிக்கொண்டே இருந்தாள். அவளைப் படித்த பிறகு நானும் புலம்பலை நிறுத்திவிட்டு மகளிடம் தமிழில் சண்டை போட ஆரம்பித்தேன்.

ஒரு நாள் காலையில் நாலு நாவலும் ஒரு தள்ளுவண்டியில் கிடந்தன. பல வருஷமாக யாரும் இவற்றைத் தொடவில்லை, மாதக் கடைசியில் கழித்துவிடப் போகிறோம் என்றார் நூலகர் அம்மாள்.

"நான் தினமும் படிக்கிறேனே!" என்றேன்.

படித்துவிட்டு எங்கே வைப்பீர்கள் என்று கேட்டார். எடுத்த இடத்திலேயே வைப்பேன் என்றேன், பெருமையாக. அவர் மேஜைமேல் இருந்த அட்டையைக் காட்டினார். படித்த புத்தகத்தை மேஜையிலேயே விட்டுப் போகவும் என்று இருந்தது. மேஜையில் கிடப்பதைத்தான் படித்ததாகக் குறித்துக்கொள்வார்களாம். நான் அந்த அட்டை சோம்பேறிகளுக்கு என்று நினைத்திருந்தேன். சாம்பார் பட்டுவிடும் என்று பயந்து ஒன்றையும் வீட்டுக்கு எடுத்துப் போனதும் இல்லை. என் நல்ல பழக்கமே அந்த நாவல்களுக்கு உலை வைத்துவிட்டது. எனக்கு என்மேலேயே அப்படி ஒரு கோபம்.

"அதற்குள் இரவல் போனால்?"

"போனால் இங்கேயே இருக்கும்" என்றார்.

சனிக்கிழமை எங்கள் அபார்ட்மெண்ட் பெண்கள் நாலு பேரைப் பிடித்தேன்.

"என்ன லாங்வேஜ்னே தெரியாது, நான் எதுக்குடி படிக்கணும்?" என்றாள் ஒருத்தி.

"செக் அவுட் பண்ணு. புடிக்கலேன்னா வந்து என்னைத் திட்டு."

நாலு பேரும் ஆளுக்கொன்று இரவல் எடுத்தார்கள். நாலாம் நாள் அவர்களில் ஒருத்தியான நாசரேத்துக்காரி போன் செய்தாள். "ஏ, இந்தத் தையக்காரி எங்க அம்மா மாதிரில்லா ஏசுதா! அடுத்தது யார்ட்ட இருக்கு?"

மாதக் கடைசி நாளில் தையல்காரியை நானே இரவல் வாங்கலாம் என்று போனேன். அலமாரி காலி. கழித்தேவிட்டார்களா? நூலகரிடம் ஓடினேன். அவர் கம்ப்யூட்டரைப் பார்த்துச் சிரித்தார். நாலும் வெளியே போயிருந்தன. திரும்பி வரும் புத்தகங்களை வாசலருகே வைப்பார்கள், அங்கே பார்த்து ஊர்க்காரர்கள் எடுக்க ஆரம்பித்திருக்கிறார்கள். தையல்காரிக்குக் காத்திருப்பவர்கள் இரண்டு பேர். இருவருமே எங்கள் ஆட்கள் இல்லை.

உங்கள் பெயரையும் சேர்க்கட்டுமா என்றார். விசாவுக்கும் கிரீன் கார்டுக்கும் வரிசையில் நின்று நின்று அலுத்துப்போனவள் நான். ஆனால் இந்த வரிசையில் மூன்றாவதாக என் பெயரைச் சேர்க்கச் சொன்னபோது எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.