நீலம் தீராத பெட்டி

என் வண்ணப் பெட்டியில் நீலக்கட்டி தேயவே இல்லை. அதுதான் முதல் அறிகுறி, எனக்குத்தான் உறைக்கவில்லை. வாரந்தோறும் அல்சூர் ஏரியை வரைகிறவளுக்கு நீலம்தானே முதலில் தீர வேண்டும்? பழுப்புக்கட்டி கரைந்து அடித்தகரம் தெரிந்தது. கண்டோன்மென்ட் கடைக்காரர் மட்டமான சரக்கைத் தலையில் கட்டிவிட்டார் என்று திட்டிக்கொண்டிருந்தேன்.

பெண்கள் பள்ளிக்கூடத்தில் தையல் சொல்லிக்கொடுக்கிறேன். படம் வரைவது நானாகப் பழகியது. என் கணவர் ஞானப்பிரகாசத்துக்கு அது ஓயாத வேடிக்கை. "இது ஏரியா? வேட்டிக்கு நீலம் கரைச்ச வாளி மாதிரில்ல இருக்கு!" என்பார். மகள் ஆக்னஸும் சேர்ந்து சிரிப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஊசியில் நூல் கோக்க முடியாமல் போன பிறகுதான் ஜட்கா வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். இரண்டு கண்ணிலும் கண்புரை (விழிக்குள் தெளிவாக இருக்க வேண்டிய வில்லை மங்கிப் பழுப்பேறுவது) என்றார் டாக்டர். முற்றினால்தான் எடுக்க முடியுமாம். அதுவரை காத்திருக்க வேண்டும்.

அந்தக் காத்திருப்பில்தான் வீட்டில் எனக்கு மதிப்பு வந்தது. ஏரிக்கரையில் வெள்ளைச் சட்டையோடு என் கணவர் உட்கார்ந்திருப்பதை வரைந்தேன். வெகுநேரம் பார்த்தார். "இப்பதான் உனக்குக் கை வந்திருக்கு" என்றவர், சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினார். வருகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் மாரடைப்பில் அவர் போய்விட்டார்.

அதன் பிறகுதான் வலது கண்ணை அறுத்தார்கள். சொட்டுமருந்து விட்டு விழியை மரத்துப்போகச் செய்தார்கள்; நான் விழித்தேதான் இருந்தேன். பிறகு இரண்டு கண்ணுக்கும் கட்டுப் போட்டு, தலை அசையாமலிருக்க இருபுறமும் மணல்மூட்டை வைத்தார்கள். வலி குறைவுதான், அசையாமல் கிடப்பதுதான் கொடுமை. இதே வியாதியோடு இதைப் படிப்பவர்கள் பயப்பட வேண்டாம். பொறுமையை மட்டும் கொண்டுபோங்கள்.

தடித்த கண்ணாடியோடு வீட்டுக்கு வந்தேன். வாசற்படி கிட்டத்தில் தெரிந்து கால் இடறியது. நிமிர்ந்து படத்தைப் பார்த்தேன். ஏரி சேற்றுக்குட்டையாக இருந்தது. வானமும் சேறு. அவர் முகம் காமாலைக்காரர் முகம்.

"ஆக்னஸ், இது இப்படியேதான் இருந்துச்சா?"

அவள் அழுதாள். "அப்பாதாம்மா சொல்லக் கூடாதுன்னாரு. கண்ணுதான் போயிட்டிருக்கு, வரையறதையும் விட்டுட்டா அவ என்ன பண்ணுவான்னாரு."

நீலக்கட்டி ஏன் தேயவில்லை என்று அப்போதுதான் உறைத்தது; பழுப்பேறிய கண்ணுக்குப் பழுப்பே நீலமாகத் தெரிந்திருக்கிறது. கோபம் வந்தது. யாரிடம் காட்ட? கிண்டல் நின்றதை மதிப்பு என்று எடுத்துக்கொண்டு, பெருமையாக வளைய வந்தேனே. இப்போது அந்த வாளிக் கிண்டலை ஒரே ஒரு தடவை கேட்டால் போதும் என்றிருக்கிறது.

படத்தைத் திருத்தி வரையச் சொல்கிறாள் ஆக்னஸ். வரைய எனக்குக் கண் இருக்கிறது. உட்கார அவர் வேண்டுமே.

ஒருநாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபோது, வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு படத்தைப் பார்த்தேன். அறுக்காத இடது கண்ணுக்கு ஏரி ஏரியாகவே தெரிந்தது. சட்டை வெள்ளையாக இருந்தது. அவர் அவராகவே இருந்தார்.

"ஸ்வல்ப பொறுங்கம்மா, அதுவும் முத்தட்டும், எடுத்துடலாம்" என்கிறார் டாக்டர். எடுத்தால் அந்தப் படம் போய்விடும். விட்டாலும் இருட்டில் போய்விடும்.

நூல் இப்போது முதல் தடவையிலேயே ஊசியில் ஏறுகிறது. ஆனாலும் பள்ளி விட்டு வந்ததும், வெளிச்சம் இருக்கும்போதே, நல்ல கண்ணைப் பொத்திக்கொண்டு கூடத்தில் நிற்கிறேன். நேற்று அவர் சட்டை கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தது.