காதுகுத்துக்கு நெட்டுக்குப்பம் போன கேமரா

எனக்கு வயது அறுபத்தாறு. பெற்றது ஏழு, வளர்த்தது எட்டு. எட்டாவது, என் தங்கை விட்டுப்போன கோவிந்து. ஒரு பிள்ளையையும் பிறத்தியார் வாசலில் கையேந்த விட்டதில்லை. படிப்பு எனக்குக் கிடையாது. பேத்தி ராஜாத்தியின் சிலேட்டில் அவளோடு உட்கார்ந்து பழகின எழுத்துதான். எழுத்து கோணலாக இருக்கும், விஷயம் நேராக இருக்கும்.

ராயபுரத்திலிருந்து எண்ணூர்ப் பக்கம் நெட்டுக்குப்பத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் வந்ததை எழுதுகிறேன். காசிக்குப் போனவர்கள் எழுதுகிறார்கள், கொழும்புக்குப் போனவர்கள் எழுதுகிறார்கள். பத்து மைல் தள்ளியிருக்கிற எண்ணூரைப் பற்றி யாரும் எழுதக் காணோம். போகாதவர்கள் தெரிந்துகொள்ளட்டும்.

போன காரணத்தை முதலில் சொல்ல வேண்டும். எங்கள் மாடி அறையில் செல்லத்துரை என்று ஒரு காலேஜ் பையன் குடியிருக்கிறான். திருநெல்வேலிச் சீமைப் பிள்ளை. சித்தப்பாவுக்குக் கொத்தவால்சாவடியில் மிளகாய் மண்டி. முதலில் அங்கேதான் இருந்தான். போட்டோ மருந்தின் வாடை மிளகாய் மூட்டையில் ஏறுகிறது என்று சித்தப்பா கிளப்பிவிட்டார். அவனிடம் ஒரு கறுப்புப் பெட்டிக் கேமரா இருக்கிறது. பாடம் முடிந்ததும் அதைத் தூக்கிக்கொண்டு ஊர் சுற்றுவான். டிராம் தடம் புரண்டால் அங்கே நிற்பான். திருவொற்றியூர்த் தேர், கப்பலிலிருந்து குதிரை இறக்குகிறது, மழையில் வியாசர்பாடி மிதந்தது, கவர்னர் துரை ஊர்வலம், எதையும் விடமாட்டான். இரவில் மாடிப்படிக்குக் கீழே சிவப்புக் காகிதம் ஒட்டின விளக்கோடு உட்கார்ந்து பிலிம் கழுவுவான். அந்தப் பிலிமை ஒரு காகிதத்தோடு சேர்த்துச் சட்டத்தில் பூட்டி வெயிலில் வைத்தால் படம் வரும். வெயிலில் வைப்பது என் பங்கு. வடகத்தோடு வடகமாக அதுவும் காயும்.

அப்படிக் காய்ந்த ஒரு படத்தில் கோவிந்து நின்றான்.

துறைமுகக் கூலிக்காரர்கள் கடற்கரையில் போட்ட கூட்டத்தின் படம் அது. நூறு தலைகள் முதுகைக் காட்டிக்கொண்டிருக்க, கவிழ்த்த படகின்மேல் ஏறி, வலது கையைத் தூக்கி, வாயைத் திறந்துகொண்டு, நம்மைப் பார்த்து நிற்கிறான் என் பிள்ளை. அவன் துறைமுகத்தில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் கப்பல் சரக்கைத் தூக்குகிற வின்ச்சு ஓட்டுகிறான். கூட்டத்துக்குப் போகிறவனுக்கு வேலை கிடையாது என்று கம்பெனியில் சொல்லியிருந்தார்கள். இவன் மேஸ்திரியிடம் பிள்ளைக்குக் காதுகுத்து என்று லீவு சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.

செல்லத்துரைக்கோ அந்தப் படம்தான் உயிர். ஒரு வாரப் பத்திரிகைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை பிலிமைக் கொண்டுவா, முதல் பக்கத்தில் போடுகிறேன் என்று சொல்லியிருந்தார். ஒரு வருஷமாக எத்தனையோ படம் அனுப்பி, ஒன்றுகூட வராமல் சோர்ந்திருந்த பிள்ளை.

நான் படத்தைக் கீழே வைக்காமல் பார்ப்பதைக் கண்டு, "ஆச்சி, இவுகளை உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டான்.

"நான் வளத்த புள்ளடா. இது பேப்பர்ல வந்துச்சின்னா அவன் வூட்ல அடுப்பு எரியாது."

படத்தை என் கையிலிருந்து வாங்கிக் கவரில் வைத்தான். "அப்பம் அவுகளைக் கேக்காமக் குடுக்கப்படாது" என்றான். எனக்கு அந்தப் பேச்சு பிடித்தது.

கேட்பதற்கு நாளும் வாய்த்தது. பிள்ளை காதின் பேரில் பொய் சொன்னால் பிள்ளைக்கு ஆகாது, சொன்னதை மெய்யாக்கிவிட வேண்டும் என்று கோவிந்துவின் பெண்சாதி கன்னியம்மா நிஜமாகவே காதுகுத்துக்கு நாள் வைத்துவிட்டாள். எனக்குச் சொல்லி அனுப்பியிருந்தாள். ஞாயிறு, பத்தரைக்கு மேல் நல்ல நேரம்.

காலை ஆறு மணி. ராயபுரம் ஸ்டேஷனுக்கு நடந்தே போனோம். எண்ணூருக்கு மூன்றாம் வகுப்பு ஆளுக்கு இரண்டேகால் அணா. எங்கள் ராயபுரம் ஸ்டேஷனின் தூண்களை நான் வேற்றூர் ஆளிடம் பெருமையாகக் காட்டுவது வழக்கம். செல்லத்துரை அவற்றை முன்னமே படம் பிடித்துவிட்டானாம். அதனால் காட்டவில்லை. சட்டைப்பைக்குள் ஒரு தடித்த கவரில் படமும் பிலிமும் வைத்திருந்தான். உட்காரும்போதும் எழும்போதும் அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

வண்டியில் எங்களுக்கு எதிரே ஒரு மீன்காரி, காலிக் கூடைகளோடு. எண்ணூரில் மீன் எடுத்துக்கொண்டு திரும்புகிறவள். வெற்றிலை போட்ட வாயும், ஜன்னல் வெயில் விழுந்த முகமும் பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. செல்லத்துரைக்குக் கை துறுதுறுத்தது. மற்ற நாளாக இருந்தால் கேட்காமலே பிடித்திருப்பான். அன்றைக்குக் கேட்டான்.

"அக்கா, உங்களை ஒரு படம் எடுத்துக்கிடட்டுமா?"

"படம் புடிச்சா ஆயுசு கொறையுமாமே நைனா?"

"அதெல்லாம் இல்லக்கா."

"இல்லியா? அப்ப வேணாம். கொறையும்னு சொல்லு, என் மாமியார இட்டாரேன். அத்த நாலு தபா புடி."

பெட்டி முழுவதும் சிரித்தது. சிரித்துக்கொண்டே அவள் கூடையைச் சரிபண்ணிக்கொண்டு, "புடி, புடி. பல்லு தெரியாம புடி" என்று உட்கார்ந்தாள். அவனும் பிடித்தான்.

கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை கடந்து திருவொற்றியூர். கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டேன். தீப்பெட்டிக் கம்பெனியைத் தாண்டினதும் வீடுகள் குறைந்து மணல் வந்துவிடுகிறது. இடது பக்கம் கால்வாயில் விறகுப் படகுகளைக் கரையிலிருந்து கயிறு போட்டு இழுத்துப் போகிறார்கள். வலது பக்கம் பனைக்கு நடுவே கடல் எட்டி எட்டிப் பார்க்கிறது. எங்கள் ராயபுரத்துக் கடலில் கப்பல் புகையும் எண்ணெயும் மிதக்கும். இங்கே கடல் கடல் நிறத்திலேயே இருக்கிறது.

எண்ணூரில் இறங்கும்போது ஏழு தாண்டிவிட்டது. துரைமார் ஞாயிற்றுக்கிழமையில் பாய்ப்படகு விட வருகிற ஊர் இது. அதனால் வண்டிக்காரர்கள் எல்லாரையும் துரை என்று நினைத்து விலை சொல்கிறார்கள். நெட்டுக்குப்பத்துக்கு ஆறு அணா கேட்டவனை மூன்றுக்கு இறக்கினேன்.

"அந்தப் பொட்டில இன்னாம்மா கீது, பாம்பா?" என்று கேட்டான் வண்டிக்காரன்.

"படம் புடிக்கிற பொட்டி. ஆளுங்கள கேட்டுக்கேட்டுப் புடிக்கப் போறான் இன்னிக்கி."

"அப்போ எங்க மாட்டைப் புடி வாத்தியாரே. அது வேணாம்னு சொல்லாது."

செல்லத்துரை இறங்கி மாட்டையும் பிடித்தான். மாடு சும்மா நின்றது. வண்டிக்காரன்தான் மீசையை முறுக்கிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றுவிட்டான்.

மணலில் வண்டி ஊர்ந்தது. வழியெல்லாம் பையன், "ஆச்சி, போனதும் சொல்லிரட்டுமா?" என்று கேட்டுக்கொண்டே வந்தான்.

"காது குத்தி முடியட்டும். நல்ல காரியத்துக்கு முன்னால இந்தப் பேச்ச எடுக்காத."

நெட்டுக்குப்பம் நூறு வீட்டுக் குப்பம். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் முகத்துவாரத்துக் கழி என்கிற உப்புநீர் ஏரி. கழியில் இறால், கடலில் மற்றதெல்லாம். கோவிந்து வாசலில் தென்னங்கீற்றுப் பந்தல் போட்டிருந்தான். என்னைக் கண்டதும் ஓடி வந்து, "பெரிம்மா, நடந்தா வந்த? இது யாரு, மேல் வூட்டு போட்டோக்காரரா?" என்றான். கன்னியம்மா மடியில் ஒன்றரை வயசுப் பிள்ளை, மொட்டை அடித்துச் சந்தனம் பூசி, நடக்கப்போவது தெரியாமல் சிரித்துக்கொண்டிருந்தது.

ஒன்பதரைக்கெல்லாம் ஆசாரி ஊசியோடு வந்துவிட்டார். அப்போதுதான் ஒரு சிக்கல் எழுந்தது. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்துவது முறை. கன்னியம்மாவுக்கு ஒரே தம்பி, அவன் ரங்கூனில். வருகிற கப்பலில் வருவான் என்று நம்பியிருந்தாள். கப்பல் வந்தது, அவன் வரவில்லை. பங்காளி ஒருவன் மடி கொடுக்கிறேன் என்றான். அது செல்லாது, பங்காளி மாமன் ஆவானா என்று கிழவிகள் பிடித்துக்கொண்டார்கள். கன்னியம்மா கண்ணைத் துடைத்தாள். நல்ல நேரம் வந்துகொண்டிருந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. "இதோ கீறானே ஒரு புள்ள, தெக்கத்திப் புள்ள, கன்னிக்குத் தம்பி வயசு. இவன் மடில வையுங்க" என்றேன்.

செல்லத்துரை பதறினான். "நான் எப்படி ஆச்சி? நான் படம்லா எடுக்கணும்."

"ஊரையெல்லாம் நிக்க வெச்சிப் புடிக்கிறியே. நீ ஒரு தபா ஒக்காரு."

கன்னியம்மா உள்ளே போனாள். புது வேட்டியைத் தம்பிக்கென்று வைத்திருந்தாளே, அதை எடுத்து வந்து அவன் தோளில் போட்டாள். அவ்வளவுதான். பையன் மணையில் உட்கார்ந்துவிட்டான்.

அப்படியானால் படம்? கேமராவை என் கையில் கொடுத்தான். "வயித்தோட ஒட்டிப் பிடியுங்க. மேல இருக்கிற கண்ணாடியப் பாருங்க. இந்த முள்ளத் தள்ளுங்க" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்தினான். நான் வயிற்றோடு எட்டுப் பிள்ளை பிடித்தவள். பெட்டி எனக்கு எம்மாத்திரம்? கண்ணாடிக்குள் பந்தலும் ஜனமும் சின்னதாக அசைந்தன. ஆசாரி ஊசியை வைத்தார். பிள்ளை வீரிட்டது. அந்த நேரத்தில் முள்ளைத் தள்ளினேன்.

சாப்பாடு முடிந்தது. கறிக்குழம்பு, இறால் வறுவல், பாயசம். "மச்சான், இன்னும் கொஞ்சம் போட்டுக்க" என்று கோவிந்து அவனை உபசரித்தபோது பையன் இலையை மூடிவிட்டான். கை கழுவினதும் கவரை எடுத்தான்.

படத்தைப் பார்த்த கோவிந்து முதலில் சிரித்தான். தன் முகத்தை அரையடிக் கண்ணாடியில் பார்த்ததோடு சரி; முழுசாகத் தன்னைப் பார்த்ததில்லை. "நானா இது? கன்னி, இங்க வா, ஒன் புருஷனப் பாரு, தலைவரு மாதிரி கீறேன்" என்றான்.

செல்லத்துரை மறைக்காமல் சொன்னான். "அண்ணாச்சி, நாளைக்கு இதப் பத்திரிகைக்குக் குடுக்கணும். முதல் பக்கத்தில போடுவாக. நீங்க வேண்டாம்னா குடுக்கமாட்டேன்."

கன்னியம்மா பாத்திரத்தை அப்படியே வைத்துவிட்டு வந்தாள். "புள்ளைக்கி மாமன்னு ஒக்காந்து ஒரு மணி நேரம் ஆவல. அதுக்குள்ள எங்க சோத்துல மண்ணு போட வந்துட்டியா? கிழிச்சிப் போடுய்யா அத்த!"

"கிழிக்காத, இரு" என்றான் கோவிந்து. "மச்சான், என் மூஞ்ச மட்டும் சொரண்டிட்டுப் போட்டா ஆவாதா?"

"போடலாம். ஆனா அண்ணாச்சி, உங்க மொகந்தான் அந்தப் படம். மத்ததெல்லாம் முதுகு."

இதைச் சொல்லிவிட்டு, படத்தோடு பிலிம் துண்டையும் எடுத்துக் கோவிந்துவின் உள்ளங்கையில் வைத்தான். "இது போனா வேற படம் போட முடியாது. இனி உங்க இஷ்டம்" என்றான்.

கோவிந்து பிலிமை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தான். வெகு நேரம் பார்த்தான். பிலிமில் எல்லாம் தலைகீழ் என்பது எனக்குத் தெரியும். வெள்ளை கறுப்பாகவும் கறுப்பு வெள்ளையாகவும் இருக்கும். அவன் அன்றைக்குத்தான் பார்க்கிறான்.

"பெரிம்மா, இதுல எனக்கு முடியெல்லாம் நரச்சிகீது. கெழவனா கீறேன். ஆனா கைய எறக்கல பாரு."

பிள்ளை காதைத் தொட்டுத் தொட்டு அழுதது.

"மச்சான், இது என்கிட்ட இருக்கட்டும்" என்றான். "என் முடி நெசமா இந்த மாதிரி ஆவும் இல்ல, அன்னிக்கி எனக்கு மேஸ்திரியும் கெடையாது, கம்பெனியும் கெடையாது. அன்னிக்கி நீ வந்து வாங்கிகினு போ. எந்தப் பேப்பர்ல வேணும்னாலும் போடு. அன்னிக்கி என் பேரையும் போடு."

செல்லத்துரை தலையை ஆட்டினான். கன்னியம்மா படத்தையும் பிலிமையும் வாங்கி, பிள்ளை துணி வைக்கிற தகரப் பெட்டியின் அடியில் வைத்தாள். புருஷன் கையில் விடாமல் அவளே வாங்கி வைத்தாள். கிழித்தும் போடவில்லை.

சாயங்கால வண்டி ஐந்தேகாலுக்கு. ஸ்டேஷனுக்குத் திரும்புகிற மாட்டுவண்டியில் புது வேட்டி பையன் மடியில் இருந்தது. கழியின்மேல் வெயில் சாயச் சாய, உப்பளத்துப் பெண்கள் வரிசையாக வந்தார்கள். பெட்டியைத் தூக்குவான் என்று பார்த்தேன். தூக்கவில்லை. "போச்சேன்னு கீதா?" என்று கேட்டேன். "கீது ஆச்சி" என்று என் பாஷையிலேயே சொல்லிவிட்டுச் சிரித்தான். அழுவதற்குப் பதில் சிரித்த சிரிப்பு அது.

அந்த வாரம் பத்திரிகையில் வேறு யாரோ தூரத்திலிருந்து பிடித்த படம் வந்தது. கடற்கரையில் எறும்பு மொய்த்தது போல ஜனம். ஒரு முகமும் தெரியவில்லை. எல்லார் வேலையும் பத்திரமாக இருந்தது.

நான் பிடித்த படமும் வந்தது. ஆசாரியின் கை இருக்கிறது, பிள்ளையின் திறந்த வாய் இருக்கிறது, புது வேட்டி இருக்கிறது. மாமனுக்குக் கழுத்துக்கு மேலே ஒன்றும் இல்லை. செல்லத்துரை அதைச் சட்டம் போட்டு, தன் படங்களுக்கு நடுவில் மாட்டியிருக்கிறான். கன்னியம்மா அவனுக்குத் தீபாவளிச் சீர் கேட்டுச் சொல்லி அனுப்பியிருக்கிறாள். முகம் இல்லாவிட்டாலும் மாமன் மாமன்தானாம்.

ராயபுரத்தில் எங்கே திரும்பினாலும் யாராவது யாரையாவது பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கேட்டுவிட்டுப் பார்க்கிறவர் இல்லை. பத்து மைல் போய் ஒருவனைக் கேட்டுவிட்டு வந்தோம். அதைத்தான் எழுத நினைத்தேன்.

கோவிந்து என்பது நாங்கள் வீட்டில் கூப்பிடுகிற பேர். கம்பெனிச் சீட்டில் வேறு பேர். அவன் தலை இன்னும் கறுப்பாகத்தான் இருக்கிறது. ராஜாத்தி, சிலேட்டை வைத்துவிட்டு இப்படி வா. இதை முதலிலிருந்து உரக்கப் படி. அந்தப் பேரையோ கம்பெனியையோ கை மறந்து எங்கேயாவது எழுதியிருக்கிறேனா, பார்த்துச் சொல்லு.