பாதிப் பாட்டில் டூல் டவுன்

என் வாயைப் பற்றி எங்கள் வீட்டில் யாருக்கும் நல்ல அபிப்பிராயம் கிடையாது. என்னிடம் ரகசியம் சொல்வதும் அம்பத்தூர் மார்க்கெட்டில் மைக் பிடித்துச் சொல்வதும் ஒன்றுதான் என்பாள் அம்மா. அப்படிச் சொன்னவளே, எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, ஒரு ரகசியத்தை என்னிடம் ஒப்படைக்க வேண்டியதாகிவிட்டது. வீட்டில் இங்கிலீஷை எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

அது ஓர் அழைப்பு அட்டை. யாரோ ஒரு சைக்கிள்காரர் அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு நிற்காமல் போயிருந்தார். ஆவடி மிலிட்டரி மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் 'பிக் பேண்டு ஜாஸ்' கச்சேரி, பொதுமக்கள் குடும்பத்தோடு வரலாம் என்று போட்டிருந்தது. கடைசி வரியில் 'கெஸ்ட் கிடார்' என்று அச்சடித்து, அதற்குப் பக்கத்தில் என் சித்தப்பாவின் பெயர். நான் அதைப் படித்ததும் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கெஸ்ட்டுன்னா இன்னாடி?"

"விருந்தாளிம்மா."

"மிலிட்டரிக்காரங்க வூட்டுக்கே விருந்தாளியா பூட்டானா!" என்று சொல்லிவிட்டு, உடனே குரலைத் தாழ்த்தினாள். "நைனாகிட்ட மூச்சு வுடாதே. சும்மா பேண்டுன்னு சொல்லி இட்டுகினு போயிடலாம். நேர்ல பாத்தா மனசு எளகிடும்."

நைனாவும் சித்தப்பாவும் பேசி மூன்று வருஷம் ஆகியிருந்தது. அதற்கு முன்னால் இருவரும் பக்கத்து ஊரான பாடியில் ஒரே கம்பெனியில் வேலை செய்தார்கள், ஒரே சைக்கிளில் போய் வந்தார்கள், ஒரே தட்டில்கூடச் சாப்பிட்டிருக்கிறார்கள். சித்தப்பா கிடார் பிடித்துக் கெட்டுப்போய்விட்டார், அதனால் நைனாவுக்குக் கோபம் என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். நானும் நம்பினேன். கிடார் என்பது சாராயத்துக்கு அடுத்தபடியான ஏதோ ஒன்று என்று வெகுநாள் நினைத்திருந்தேன். சித்தப்பா இல்லாத வீடு எனக்குப் பிடிக்கவே இல்லை.

நான் ஒன்றாம் வகுப்பு படித்தபோது அந்தக் கம்பெனியில் பெரிய ஸ்டிரைக் நடந்தது. நாற்பது நாள். நைனா காலையில் போனால் கம்பெனி கேட்டுக்கு எதிரே போட்டிருந்த பந்தலிலேயே உட்கார்ந்திருப்பார். இருட்டின பிறகுதான் வருவார். வீட்டுக்கு அரிசி, பருப்பெல்லாம் வானகரத்தில் தன் பிறந்த வீட்டிலிருந்து வருவதாக அம்மா அவரிடம் சொல்வாள். எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு அந்த ஸ்டிரைக்கால் லாபம்தான். ஒரு புது விளையாட்டு கிடைத்தது. ஒருவன், கம்பெனியில் கருவியைக் கீழே வைத்து வேலையை நிறுத்தச் சொல்வதுபோல, 'டூல் டவுன்' என்று கத்துவான். மற்றவர்கள் கையில் பந்தோ பம்பரமோ, தின்றுகொண்டிருக்கும் முறுக்கோ, எதுவானாலும் அந்த நொடியே கீழே வைத்துவிட வேண்டும். வைக்காதவன் அவுட். எல்லாரும் அவனைச் சுற்றி நின்று 'கருங்காலி, கருங்காலி' என்று கூவுவோம். அந்த வார்த்தைக்கு அதற்கு மேல் ஓர் அர்த்தம் இருக்கும் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. ஸ்டிரைக் முடிந்து பல நாள் கழித்தும் அந்த விளையாட்டு முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நைனா வெள்ளைச் சட்டை போட்டு, வழக்கம்போலக் குடையைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பினார். வெயிலோ மழையோ, அந்தக் குடை இல்லாமல் அவர் தெருமுனைகூடத் தாண்ட மாட்டார். மைதானத்தில் மேடையைப் பார்த்ததுமே அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பித்தளை வாத்தியங்களும் டிரம்ஸுமாகப் பதினாறு பேர் மூன்று வரிசையாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"இன்னாம்மே இது? பேண்டுன்னா கல்யாணத்துக்கு நடந்துகினே வாசிப்பான், இல்லாங்காட்டி சாவுக்கு நடந்துகினே வாசிப்பான். குந்திகினு வாசிக்கிற பேண்டு எங்கனா கீதா?"

அவர் சொல்லி முடிப்பதற்குள் ஆரம்பித்துவிட்டார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பதினாறு பேரும் ஒரே மூச்சில் வாசித்தால் அப்படி ஒரு சத்தம் வரும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நெஞ்சில் கையை வைத்து யாரோ தள்ளியதுபோல நாற்காலியில் சாய்ந்துவிட்டேன். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் மட்டும் எழுந்து நின்று வாசித்தார். முன்வரிசை அதிகாரிகள் கைதட்டினார்கள். "பாட்டு முடியலியே, இன்னாத்துக்குத் தட்றானுங்க?" என்றார் நைனா. ஆனாலும் அவருடைய குடையின் முனை தரையில் தாளம் போட்டுக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். அம்மாவும் பார்த்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நம்பிக்கையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

நாலாவது பாட்டுக்கு முன்னால் மைக்கில் ஏதோ சொன்னார்கள். கறுப்புக் கோட்டு போட்ட ஒருவர் கிடாரோடு வந்து மேடையின் நடுவில் நின்றார். மெலிந்துபோய், மீசையை எடுத்துவிட்டு, என் சித்தப்பா.

குடையின் தாளம் நின்றது. நைனா அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அம்மா மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் இரண்டு உதடுகளையும் பல்லுக்குள் வைத்துக் கடித்துக்கொண்டேன். நைனா எழுந்து போய்விடுவார் என்று பயந்தேன். அவர் போகவில்லை. குடையை என் மடியில் வைத்துவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டார்.

பாட்டு நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பேண்டு மாஸ்டர் திடீரென்று கையை உயர்த்தி விரல்களை மூடினார். அவ்வளவுதான். பதினாறு பேரும் வாசிப்பதை நிறுத்திவிட்டார்கள். பித்தளையெல்லாம் வரிசையாக மடிக்கு இறங்கின. டிரம்ஸ்காரர் குச்சிகளைச் சேர்த்து அக்குளில் வைத்துக்கொண்டார். சித்தப்பா ஒருவர் மட்டும் தலையைக் குனிந்து வாசித்துக்கொண்டே இருந்தார்.

விருந்தாளி என்று கூப்பிட்டுவிட்டு இப்படிச் செய்கிறார்களே! எல்லாரும் கீழே வைத்தது இவருக்குத் தெரியவில்லையே! அடுத்து அவரைச் சுற்றி நின்று எல்லாரும் என்ன கூவப் போகிறார்கள் என்று எனக்குத் தெரியும். என் சித்தப்பாவை அப்படிக் கூவ விடக்கூடாது. நாற்காலி மேல் ஏறி நின்று என் முழு பலத்தையும் திரட்டிக் கத்தினேன்.

"சித்தப்பா! டூல் டவுன்! கீழ வெச்சிடு சித்தப்பா! இல்லாங்காட்டி நீ கருங்காலி!"

கிடார் நின்றது.

முன்வரிசைத் தலைகள் அத்தனையும் எங்கள் பக்கம் திரும்பின. சித்தப்பாவின் கை கம்பிகளுக்கு மேலே அப்படியே நின்றது. அவர் கூட்டத்தில் என்னைத் தேடிக் கண்டுபிடித்தார். பிறகு என் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். சித்தப்பாவின் முகத்தில் ரத்தமே இல்லை. அம்மா என்னை இழுத்து உட்காரவைத்துப் பின்மண்டையில் ஓர் அறை விட்டாள். வலி தெரியவில்லை. நைனாவின் முகத்தைப் பார்த்த அதிர்ச்சியில் அழக்கூட மறந்துவிட்டேன். அடி வாங்கியவர் அவர்தான் என்பதுபோல இருந்தது அந்த முகம்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது, நாலைந்து நொடிதான் இருக்கும். சித்தப்பா நைனாவிடமிருந்து கண்ணை எடுக்காமல் விட்ட இடத்திலிருந்து மறுபடி வாசிக்க ஆரம்பித்தார். மேடையில் ஒருவரும் உதவிக்கு வரவில்லை. அவர் தனியாகவே, வேகமாக, கோபமாக வாசித்துக்கொண்டே போனார். கடைசியில் பேண்டு மாஸ்டரின் கை கீழே விழுந்தது. பதினாறு பேரும் பாட்டுக்குள் ஒன்றாகக் குதித்தார்கள். விருந்தாளி தனியாக வாசித்துக் காட்டுவதற்காகத்தான் அவர்கள் நிறுத்தினார்கள் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. அப்போதோ, ஸ்டிரைக் முடிந்துவிட்டது, ஒப்பந்தம் ஆகிவிட்டது என்று சந்தோஷப்பட்டுக் கைதட்டினேன். திரும்பிப் பார்த்தால் நைனாவின் நாற்காலி காலியாக இருந்தது.

பஸ் ஸ்டாப்பில் அவரைப் பிடித்தோம். இன்னும் வெளிச்சம் இருந்தது. ஸ்பீக்கரில் கச்சேரி அங்கே வரைக்கும் கேட்டது.

"கொயந்தைக்கு அந்த வார்த்தைய யாரு சொல்லிக் குடுத்தது?" என்றார் நைனா.

அம்மா அதற்கு என்ன சொல்வாள் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். அவளோ வெடித்துவிட்டாள்.

"யாரு சொல்லிக் குடுக்கணும்? நீதான் சொன்னே! ஸ்டிரைக்கு முடிஞ்ச அன்னிக்கு கம்பெனி கேட்டாண்ட, அத்தினி பேர் எதுர்ல, கூடப்பொறந்தவன் மொகத்துல துப்பி சொன்னே! அத்தோட வேலையும் வாணாம், ஊரும் வாணாம்னு பூட்டான்."

நைனாவை அம்மா 'நீ' என்று சொல்லி அன்றுதான் கேட்டேன். எனக்கு அதுவே பேரதிர்ச்சி. மற்றதெல்லாம் காதில் விழுந்ததே தவிர மண்டையில் ஏறவில்லை.

"எல்லாரும் வெளிய நிக்க சொல்லோ அவன் ஒருத்தன் உள்ள பூந்து வேல செஞ்சான். அவன வேற இன்னான்னு சொல்றது?" என்றார் நைனா. குரலில் சத்தமே இல்லை.

"செஞ்சான். இன்னாத்துக்கு செஞ்சான்னு கேட்டியா? அந்த நாப்பது நாளும் நம்ம ஊட்டு அடுப்பு எப்டி எரிஞ்சுதுன்னு ஒரு நாளு கேட்டியா?"

"வானகரத்துலேருந்து உங்கூட்டுல குடுத்தாங்கன்னு நீதான..."

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்குப் பதில் தெரிந்த கேள்வி என்பதால் நான் முந்திக்கொண்டேன்.

"இல்ல நைனா, சித்தப்பாதான் அரிசி கொண்டாருவாரு. நீ பந்தலுக்குப் போனப்புறம் பின்பக்கமா வருவாரு. எனக்கு முறுக்கு குடுப்பாரு."

மூன்று வருஷம் இதை நான் யாரிடமும் சொல்லாமல் இருந்ததற்குக் காரணம் எளியது. அது ரகசியம் என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை.

நைனா என்னைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். நான் ஏதோ பெரிய தப்பு செய்துவிட்டேன் என்று தெரிந்தது. முறுக்கு வாங்கித் தின்றதுதான் தப்பு என்று முடிவு செய்தேன்.

எங்கள் பஸ் வந்தது. அம்மா என்னை முதல் படியில் ஏற்றினாள். நைனா ஏறவில்லை. திரும்பி, வந்த வழியே மைதானத்தைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார். முதலில் மெதுவாக நடந்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனார்.

"நைனா எதையாச்சும் வுட்டுட்டு வந்துட்டாராம்மா?"

"ஆமா," என்றாள் அம்மா. அவள் அழுதுகொண்டிருந்தாள்.

எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. புரிந்த சந்தோஷத்தில் படிக்கட்டிலிருந்து எட்டிப் பார்த்து, கையை உயர்த்தி ஆட்டிக் கத்தினேன்.

"நைனா! குடை எங்கிட்டதான் கீது!"

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பாட்டுச் சத்தத்தில் கேட்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.