லண்டன் விமான நிலையத்துக்கு நான் எழுதிய ஏழாவது குறிப்பு

நாற்பத்தொன்பதாம் வருஷம் ஜனவரியில் என் தங்கை தனியாக விமானத்தில் லண்டன் போனாள். மாப்பிள்ளை ஒரு வருஷம் முன்பே படிக்கப் போனவர். அங்கேயே வேலை கிடைத்ததும் அவளை அனுப்பும்படி எழுதியிருந்தார். அவளுக்கும் எனக்கும் பதினான்கு வயது வித்தியாசம். பெற்றோர் இல்லாததால் மயிலாப்பூரில் என் வீட்டில் வளர்ந்தவள். இங்கிலீஷ் என்னிடம்தான் படித்தாள். பிழையில்லாமல் எழுதுவாள், நிதானமாகப் பேசுவாள்.

நான் லண்டனைப் பார்த்ததில்லை. விமானத்தின் உட்புறத்தையும் பார்த்ததில்லை. ஆனாலும் அவளுக்கு வழிகாட்டும் காகிதம் ஒன்று தயாரித்தேன். விமானக் கம்பெனியின் சிறு புத்தகத்தையும், கப்பலில் சீமைக்குப் போய் வந்த ஓர் ஆபீஸ் நண்பரையும் ஆதாரமாக வைத்துக்கொண்டு, ஃபுல்ஸ்கேப் தாளில் அழியாத காப்பியிங் பென்சிலால் பன்னிரண்டு குறிப்புகள் எழுதினேன். அம்மை குத்திய சர்டிபிகேட்டை எந்தப் பையில் வைப்பது, சுங்க அதிகாரி கேட்டால் மிளகாய்ப் பொடியை என்னவென்று சொல்வது, யார் கையால் எதை வாங்கிக் குடிக்கக் கூடாது என்று எல்லாம் இருந்தது. கார்பன் வைத்து மூன்று பிரதிகள். ஒன்று அவளுக்கு, ஒன்று என் டைரிக்கு. மூன்றாவதை, அடுத்த மாதம் பெண்ணை லண்டனுக்கு அனுப்பவிருந்த நண்பர் ஒருவருக்குக் கொடுத்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

ஏழாவது குறிப்பு இது: "இறங்கிய இடத்தை விட்டு நகராதே. மாப்பிள்ளை அங்கே வருவார். அவர் முகத்தைப் பார்க்கும்வரை, யார் எங்கே கூப்பிட்டாலும் போகாதே."

இதற்கு எந்தப் புத்தகமும் எனக்குத் தேவைப்படவில்லை. பெண்கள் தனியாக ரயிலில் வந்தால் எங்கள் வீட்டில் அதுதான் முறை. எழும்பூரில் வண்டி நின்றதும் நான் பெண்கள் பெட்டியின் வாசலுக்கே போவேன். நான் வரும்வரை யாரும் இடத்தை விட்டு எழுந்திருக்க மாட்டார்கள்.

மீனம்பாக்கத்தில் முதல் அதிர்ச்சி காத்திருந்தது. பெட்டியை எடை போட்டவர் தங்கையையும் தராசில் ஏறச் சொன்னார். பத்துப் பேர் நிற்கும் இடத்தில், ஒரு பெண்ணை, அரிசி மூட்டையைப் போல! அவள் காகிதத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அண்ணா, இது இதுல இல்லியே?"

"விட்டுப்போச்சு. ஏறு" என்றேன். காதெல்லாம் சூடாகிவிட்டது. விட்டுப்போனது அது ஒன்றுதான் என்று நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை பம்பாயில் அடுத்த விமானம் ஏற வேண்டும். கெய்ரோ, ஜெனீவா வழியாகப் புதன் காலை லண்டன் சேர வேண்டும்.

வியாழன் காலை ஏழு நாற்பதுக்குத் தந்திக்காரர் வாசலில் மணி அடித்தார். "சார், தந்தி கீது. கையெய்த்து போடு." பிரித்தேன். மாப்பிள்ளை கொடுத்த அவசரத் தந்தி. பஸ் வந்தது, அவள் வரவில்லை, சென்னையிலிருந்து புறப்பட்டாளா, உடனே பதில் தேவை.

"இன்னா சார், இப்டி வெளுத்துப் பூட்டே? குந்து சார், மொதல்ல குந்து."

உட்கார்ந்தேன். என்ன பஸ்? மாப்பிள்ளை ஏன் விமான நிலையத்தில் இல்லாமல் பஸ்ஸை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார்? ஒன்றும் புரியவில்லை. என் மனைவி தந்தியை வாங்கி இரண்டு தடவை வாசித்தாள்.

"ஏன்னா, நீங்கதானே கண்ணால பாத்தேள், மீனம்பாக்கத்துல ஏறினத?"

"பம்பாய்ல ஏறினாளா, அத நான் பாக்கலியே."

மவுண்ட் ரோட்டில் விமானக் கம்பெனி கதவைத் திறக்கும்போது நான் வாசலில் நின்றேன். குமாஸ்தா பம்பாய்க்குத் தந்தி அடித்தார். பன்னிரண்டரைக்குப் பதில் வந்தது.

"ஏறியிருக்காங்க சார். லிஸ்ட்ல பேர் இருக்கு."

ஏறவில்லை என்றால் பம்பாயில் எங்கேயாவது இருப்பாள் என்று இருந்தேன். ஏறியவள் எங்கே?

"கெய்ரோவில் இறங்கியிருப்பாளோ?"

"ஏறினவங்க லண்டன்லதான் எறங்கணும் சார். நடுவுல குதிக்கிறதுக்கு அது டிராம் இல்ல."

அவர் தைரியம் சொல்வதற்காகத்தான் அப்படிப் பேசினார். நான் மாப்பிள்ளைக்குத் தந்தி கொடுத்துவிட்டு வீடு வந்தேன். மனைவி இலை போடவில்லை, நானும் கேட்கவில்லை. நாலேகாலுக்கு அதே தந்திக்காரர் வந்தார்.

"இன்னா சார், காலைல குந்தினது இன்னும் எய்ந்துக்கலியா? இத்த பட்ச்சிப் பாரு. நல்ல சேதியாத்தான் இருக்கும்."

சேர்ந்தாள், நலம், கடிதம் வருகிறது. இந்த இரண்டாவது தந்தியை மாப்பிள்ளை புதன்கிழமை மாலையே கொடுத்திருக்கிறார், ஆனால் சாதாரணத் தந்தியாக. நான் மவுண்ட் ரோட்டில் நடுங்கிக்கொண்டிருந்தபோது தங்கை தன் வீட்டில் இருந்திருக்கிறாள்.

ஒன்பது நாள் கழித்து இரண்டு கடிதங்கள் ஒரே தபாலில் வந்தன. தங்கையின் கடிதத்தை முதலில் உடைத்தேன்.

"அண்ணா, பெரிய விமான நிலையம்னு பேரே தவிர, நீளமா தாழ்வா கொட்டகை மாதிரிதான் இருக்கு. சுங்கத்துல ஒண்ணும் கஷ்டமில்ல. வெளில வந்ததும் ஒரு பொண்ணு எல்லாரையும் பஸ்ஸுல ஏறச் சொன்னா. என் ஆத்துக்காரர் இங்கயே வருவார்னு சொன்னேன். சரின்னு விட்டுட்டுப் போயிட்டா. அவா மேல தப்பில்ல. நான் பெட்டி மேல உக்காந்துண்டேன். இங்க யாரையும் யாரும் வந்து அழைச்சிண்டு போறதில்ல அண்ணா. கம்பெனி பஸ்ஸே ஊருக்குள்ள ஒரு இடத்துல கொண்டு விடறது, அங்கதான் எல்லாரும் காத்திண்டிருப்பாளாம். அது எனக்குத் தெரியாது. தரைய துடைச்சிண்டிருந்த வெள்ளைக்காரி ஒருத்தி டீ கொண்டு வந்து குடுத்தா. உன் நாலாவது குறிப்பப் பாத்துட்டு வேண்டாம்னுட்டேன். குளிர்ல கை விறைச்சுப் போச்சு. அஞ்சு மணி நேரம் பாத்தேன். வெளிலேர்ந்து ஒரு மனுஷா உள்ள வரல. வர முடிஞ்சா அவர் வந்திருப்பாரேன்னு அப்பறம்தான் தோணித்து. டீயக் கேட்டு வாங்கிக் குடிச்சுட்டு அடுத்த பஸ்ஸுல ஏறிட்டேன். அவர் அங்க எனக்கு வாங்கின கோட்ட மடியில வெச்சிண்டு உக்காந்திருந்தார்."

அடியில் தனியாக ஒரு வரி: "உன் காகிதத்த அவர்கிட்ட காட்டல. அவா பேசின இங்கிலீஷ் புரியலன்னு சொல்லிட்டேன்."

மாப்பிள்ளையின் கடிதம் மரியாதையாக இருந்தது. பஸ்ஸில் வர வேண்டியவர்கள் எல்லோரையும் ஏற்றி அனுப்பிவிட்டதாக விமான நிலையத்திலிருந்து சொன்னதால், அவள் கிளம்பவே இல்லை என்று பயந்துபோனாராம். பிறகு இப்படி எழுதியிருந்தார்: "அவளுக்குச் சாதாரண இங்கிலீஷ்கூடப் புரியவில்லை என்பது ஆச்சரியம். வாத்தியார் ஒருவரை அமர்த்தப் போகிறேன். அதுவரை தனியாக வெளியே அனுப்புவதாக இல்லை."

டைரியில் அந்தப் புதன்கிழமைப் பக்கத்தைப் புரட்டினேன். அவள் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தது நம் நேரப்படி மாலை மூன்றரை முதல் எட்டரை வரை. நான் ஐந்து இருபதுக்கு ஆபீஸை விட்டிருக்கிறேன். மயிலாப்பூர் லஸ் முனையில் இறங்கி, தெப்பக்குளத்தை ஒரு சுற்று நடந்திருக்கிறேன். எட்டு மணிக்கு, என் கையெழுத்தில், ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் இருக்கிறது: "தங்கை இந்நேரம் சௌக்கியமாகச் சேர்ந்திருப்பாள். காகிதம் மிகவும் உதவியிருக்கும்."

அந்தப் பக்கத்தைப் பார்த்தபடி எவ்வளவு நேரம் இருந்தேன் என்று நான் குறித்துவைக்கவில்லை. மனைவி வந்து தோளைத் தொட்டாள். கடிதத்தை அவளிடம் கொடுத்தேன்.

"உங்க மானத்தக் காப்பாத்தறதுக்கு, அசடுன்னு பேர் வாங்கிண்டிருக்கா" என்றாள். "மாப்பிள்ளைக்கு எழுதுங்கோ. இன்னிக்கே."

தங்கையின் புருஷனிடம் தப்பை ஒப்புக்கொள்வது எனக்குச் சுலபமில்லை. மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். கடைசியில் விளக்கம் எதுவும் சேர்க்காமல் இவ்வளவு எழுதினேன்: "அவளுக்கு இங்கிலீஷ் நன்றாகப் புரியும். அவர்கள் சொன்னதும் புரிந்தது. நான் நகராதே என்று எழுதியிருந்ததால் நகரவில்லை. பிரதி இணைத்திருக்கிறேன், ஏழாவதைப் பார்க்கவும். வாத்தியார் வேண்டாம்." டைரியில் இருந்த பிரதியை எடுத்து உள்ளே வைத்தேன். கச்சேரி ரோடு தபால் பெட்டியில் போட்டுவிட்டு, அங்கிருந்தே தியாகராய நகருக்குப் பஸ் ஏறி, நண்பர் வீட்டில் மூன்றாவது பிரதியைத் திரும்பக் கேட்டேன். "ஏன் சார், நல்லாத்தானே இருக்கு?" என்றார். ஏழாவது குறிப்பால் நடந்ததைச் சொன்னேன். அவர் தன் பெண்ணைக் கூப்பிட்டு, தாளை என் கையிலேயே கொடுக்கச் சொன்னார்.

மாப்பிள்ளை எனக்குத் தனியாகப் பதில் எழுதவில்லை. அடுத்த மாதம் தங்கையின் கடிதம் வந்தது.

"ஏன் அண்ணா எழுதின? கறிகாய் வாங்க நான் தனியா கிளம்பினா, 'இறங்கின இடத்த விட்டு நகராதே'ன்னு மாடிப்படிலேர்ந்து கத்தறார். வாத்தியார் பேச்சே இல்ல."

மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரிக்கப் பார்த்தேன். தாழ்ந்த கொட்டகை ஒன்றில், பெட்டியின் மேல், கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள்தான் கண்ணில் நின்றாள்.