எழுந்து நின்றவர்கள்

ஊரைவிட்டு வந்த புதிதில், கோட்-டெ-நெய்ஜ் என்ற பகுதியில் ஒரே அறையில் ஐந்து பேர் இருந்தோம். சனிக்கிழமைகளில் வேலை முடிந்து வந்து ரீவியில் ஐஸ் ஹொக்கி பார்ப்போம். விளையாட்டு ஒருவருக்கும் விளங்காது, சண்டை விளங்கும். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். இங்கே பிரெஞ்சு வகுப்புக்கும் போய்க்கொண்டிருந்தேன். ஆகவே, விளக்கம் சொல்வது என் வேலை.

"அடிச்சவனை ஏன் தம்பி கூட்டுக்குள்ளை இருத்துறாங்கள்?" என்று எங்களில் மூத்த அண்ணை கேட்டார்.

"அஞ்சு நிமிசம் தண்டனை, அண்ணை."

"அவ்வளவுதானோ? எங்கடை ஊரிலை அடிச்சவனுக்கு அதுவும் இல்லையே!"

சிரித்தோம். கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு, ஆளுக்கு ஆள், வெறுங்கை. துவக்கு இல்லை, வெடி இல்லை. நடுவர் பக்கத்திலேயே நிற்கிறார். ஒருவன் விழுந்தால் பிரித்துவிடுகிறார். "இதைவிட நியாயமான சண்டை உலகத்திலை இல்லை" என்று தீர்ப்புச் சொன்னவனும் நான்தான்.

அன்றைக்கு எங்கள் அணியின் சண்டைக்காரன் குத்திய குத்தில் அரங்கமே எழுந்து நின்றது. நாங்களும் மெத்தையில் ஏறி நின்று கத்தினோம். பிறகு மற்றவன் திருப்பிக் குத்த, எங்கள் ஆள் விழுந்தான். தலை பனித்தரையில் மோதியது.

ஆஸ்பத்திரியில் நோயாளர்களைத் தள்ளுவண்டியில் கொண்டுபோவது என் வேலை. திங்கட்கிழமை, தலையைப் படம் எடுப்பதற்காக நான் கூட்டிப்போக வேண்டியிருந்தவன் அவன்தான். வெளிச்சம் பட்டால் வயிற்றைப் புரட்டிச் சத்தி எடுப்பதால் அறைத் திரையை மூடியிருந்தார்கள். விரல் மொளிகள் வெடித்து வீங்கியிருந்தன. மனைவி என்னை வாசலுக்கு வெளியே கூப்பிட்டாள். பிரெஞ்சை எனக்காக மெல்லப் பேசினாள்.

"சண்டை அவருக்கு ஞாபகமில்லை. சனங்கள் எழும்பி நின்றார்களா என்று எல்லாரையும் கேட்கிறார். நின்றார்கள் என்று தெரிந்தால் திரும்பப் போவார். இன்னொரு அடி தாங்காது என்று டொக்டர் சொல்லிவிட்டார். சொல்லிவிடாதே."

தலையாட்டினேன்.

லிப்டுக்குள் அவன் கண்ணைப் பாதி திறந்தான். "நீ பார்த்தாயா? எழும்பி நின்றார்களா?"

"எனக்குத் தெரியாது" என்றேன். அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். மெத்தையில் நின்று நான் போட்ட கூச்சல் காதுக்குள் கேட்டது. கண்ணைத் தாழ்த்திக்கொண்டேன். விடை கிடைத்தவன்போல, வெடித்த உதட்டால் அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பை மனைவியிடம் சொல்லும் தைரியம் எனக்கு வரவில்லை.

தெருவில் பனி கரைய முன்னமே அவன் விளையாட்டுக்குத் திரும்பி வந்துவிட்டான்.

"டேய், எங்கடை ஆள்!" என்று அறை கத்தியது. அவன் கையுறையைக் கழற்றினான். சண்டை தெரியாதபடி நான் போய் ரீவியை நூர்க்கக் கை நீட்டினேன்.

"தம்பி, மறைக்காதை. நீதானே சொன்னனீ, நியாயமான சண்டை எண்டு?"

ஆஸ்பத்திரியில் கண்டதைச் சொல்லியிருக்கலாம். தள்ளி நின்றேன். முதல் குத்து விழுந்ததும் அறையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். நான் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தேன்.