பானெட்டைத் திறக்கத் தெரியாதவள்

அந்தத் தையல்காரியை மண்டு என்று சொன்னவர்கள் இருக்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். பேச்சுக்குப் பேச்சு பதில் சொல்லிக்கொண்டே ஊசியில் நூல் கோக்கிறவள் அவள். தையல் மிஷின் முரண்டு பிடித்தால் அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்து, துடைத்து, எண்ணெய் விட்டு மறுபடி மாட்டுகிறவள். அப்படிப்பட்டவள் ஒரு காரின் பானெட் முன்னால் நின்று திருதிருவென்று விழித்தாள் என்றால் காரணம் இருக்காதா?

அவள் கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். தெருவுக்கே அவர் மாஸ்டர். ஓட்டத் தெரிந்தால் மட்டும் அவருக்குப் போதாது. வண்டியைப் பார்த்துக்கொள்ளவும் தெரிந்த பிறகுதான் ஆளை அனுப்புவார். அதில் யார் சிபாரிசும் எடுபடாது.

“மாஸ்டர், நான் கார் ஓட்ட வந்தேனா, மெக்கானிக் வேலைக்கு வந்தேனா?” என்று புது மாப்பிள்ளை ஒருவன் சலித்துக்கொண்டால், “நடுரோட்டுல வண்டி நின்னா உன் மாமனாரா வந்து தள்ளுவாரு? குனிஞ்சு பாருப்பா” என்பார்.

ஆனால் சொந்த மனைவிக்கு ஓட்ட மட்டும்தான் சொல்லிக்கொடுத்தார். தைத்த சீருடைகளைக் கட்டுக்கட்டாகப் பின்சீட்டில் ஏற்றிக் கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போடுவாள், வருவாள், சாவியை ஆணியில் மாட்டுவாள். மற்றதெல்லாம் அவர் பாடு. “அதை நான் பாத்துக்கறேன்” என்பார். வாயைத் திறந்து ஆசையாக ஒரு வார்த்தை சொல்லத் தெரியாத மனிதர். அதனால் அந்த ஒரு சொல்லையே அவள் ஆசை வார்த்தையாக எடுத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் பானெட் டப்பென்று மூடும் சத்தம் கேட்டால், மிஷின் முன்னால் உட்கார்ந்திருப்பவளுக்கு மனசு குளிர்ந்துபோகும்.

மகள் கல்யாணமாகிப் போனதும் வீட்டில் பேச்சு அடங்கிவிட்டது. மாஸ்டர் தட்டின் முன்னால் உட்கார்ந்து சோற்றையே பார்த்துக்கொண்டிருப்பார். கேட்டால், “ஒண்ணுமில்ல.” இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலிலிருந்து கூப்பிட்டார்.

“இங்க வா. இன்னிக்கு நீ பாரு.”

மிஷினை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். ஆயில் பார்க்கும் கம்பியை உருவச் சொன்னார். துணியால் துடைத்துவிட்டு, மறுபடி உள்ளே விட்டு எடுத்தால்தான் உண்மையான அளவு தெரியும் என்றார். இரண்டு கோட்டுக்கும் நடுவில் ஆயில் நிற்க வேண்டும். அவர் விரல் காட்டிய இடத்தைப் பார்க்கக் குனிந்தபோது தலையும் தலையும் முட்டிக்கொண்டன. இருவரும் சிரித்தார்கள். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு எவ்வளவோ நாள் ஆகியிருந்தது.

பக்கத்து வீட்டில்தான் அவள் அக்கா. அன்றைக்கே போய்ச் சொன்னாள்: “அக்கா, அவரு பழையபடி ஆயிட்டாரு.”

“ஆயில் பாக்கச் சொல்லிக்குடுத்தா அதுக்குப் பேரு ஆசையாடி?”

“எனக்கு அது போதும், போ.”

வாராவாரம் பாடம் நடந்தது. இன்ஜின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியில் கை வைக்கக் கூடாது. டயரில் காற்றைக் காலையில், வண்டி ஓடுவதற்கு முன்னால் பார்க்க வேண்டும். மாற்று டயரான ஸ்டெப்னியிலும் பார்க்க வேண்டும். அதைத்தான் எல்லோரும் மறப்பார்கள். சொன்னதையெல்லாம் சொன்ன அன்றைக்கே பிடித்துக்கொண்டாள். ஆனால் அவர் பேச்சில் ஒரு சொல் அடிக்கடி வந்து அவளை உறுத்தியது. தனியா. “தனியா போறப்போ இப்படி நின்னா...” “தனியா இதைத் தூக்கணும்னா...”  இந்த மனிதருக்கு ஏதோ நோய் வந்திருக்கிறது, மறைக்கிறார் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. டயர் மாற்றக் கற்றுக்கொடுத்த அன்று கேட்டேவிட்டாள்.

“ஏங்க, உண்மையைச் சொல்லுங்க. டாக்டர் என்ன சொன்னாரு?”

சக்கரத்தின் பக்கத்தில் குந்தியிருந்தவர் நிமிரவில்லை. “எனக்கு ஒரு நோயும் இல்ல.”

அப்பாடா என்று மூச்சு விட்டாள். அந்த மூச்சு முழுதாக வெளியே வருவதற்குள் அவர் சொன்னார்:

“நான் போயிடலாம்னு இருக்கேன்.”

“எங்க?”

“எங்கயாவது. தனியா. உன் மேல ஒரு குறையும் இல்ல. வேற யாரும் இல்ல. இங்க இருந்தா எனக்கு மூச்சு முட்டுது, அவ்வளவுதான்.” நட்டைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார். “நீ வண்டியைப் பாத்துக்கக் கத்துக்கோ. உன்னை நடுரோட்டுல நிக்கவிட்டுட்டுப் போக எனக்கு மனசு வரல. கத்து முடிச்சதும் போறேன்.”

நோய் என்றால் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொள்வாள். இன்னொருத்தி என்றால் போய் மல்லுக்கு நிற்பாள். குறை என்றால் திருத்திக்கொள்வாள். ஒன்றுமே இல்லாமல் ஒருவர் போகிறேன் என்றால் எதைப் பிடித்து நிறுத்துவது? அவள் அழவில்லை. ஸ்பேனரை வாங்கி, குறுக்கும் மறுக்குமாக முடுக்க வேண்டிய நட்டுகளை வேண்டுமென்றே வரிசையாக முடுக்கினாள்.

“குறுக்கால, குறுக்கால! இப்பதானே சொன்னேன்?”

“மறந்துபோச்சுங்க.”

“சரி, விடு. அடுத்த வாரம் மறுபடி பாக்கலாம்.”

அடுத்த வாரம்! அவளுக்குப் பிடிக்கக் கிடைத்தது அது ஒன்றுதான். பிடித்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து அவள் மண்டு ஆனாள். ஆயில் கம்பியைத் துடைக்காமல் பார்த்தாள். ரேடியேட்டரில் ஊற்ற வேண்டியதை வைப்பர் தண்ணீர் டப்பாவில் ஊற்றப் போனாள். ஜாக்கியை எந்த இடத்தில் வைப்பது என்று ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்டாள். மாஸ்டர் ஒரு தடவைகூடக் கடிந்துகொள்ளவில்லை. கடைக்காரர்கள் கேலி செய்தார்கள்: “மாஸ்டர் பெண்டாட்டிதான் மாஸ்டர்கிட்டயே ஃபெயிலாம்!” அவளும் சேர்ந்து சிரித்தாள்.

அவளிடமிருந்து விஷயம் தெரிந்த அக்கா மட்டும் சிரிக்கவில்லை. “போறவரைக் கையைப் பிடிச்சு நிறுத்தலாம்டி. இப்படிக் காலைக் கட்டியா நிறுத்தறது?”

“எதைக் கட்டினா என்ன? நிக்கிறாரு இல்ல?”

பிறகு பேட்டரி பாடம் வந்தது. கழற்றும்போது முதலில் மைனஸ், மாட்டும்போது முதலில் பிளஸ். கழற்றிவிட்டு, மாட்டத் தெரியாதவள் போல் ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். அதற்கு முன்பே இன்னொன்றும் செய்திருந்தாள். பானெட்டைத் தாங்கும் கம்பியைக் குழிக்குள் சரியாக உட்கார வைக்காமல் ஓரத்தில் தொத்தவிட்டிருந்தாள். அவர் கண்ணில் படும், இன்னொரு வாரம் கிடைக்கும் என்ற கணக்கு.

அவர் கண்ணில் படவில்லை. “தள்ளு, நான் காட்டறேன்” என்று குனிந்தார். முழங்கை கம்பியில் பட்டது. தலையை இழுத்துக்கொண்டார், விளிம்பில் ஊன்றியிருந்த இடது கையை இழுப்பதற்குள் பானெட் விழுந்துவிட்டது.

அவர் கத்தக்கூட இல்லை. அவள் தூக்கிவிட்டபோது இரண்டு விரல் நசுங்கி, ரத்தம் கொட்டிக்கொண்டிருந்தது. முகம் வெளுத்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். வண்டியிலோ பேட்டரி கழன்று கிடக்கிறது.

அவள் முந்தானையைக் கிழித்து அவர் கையைச் சுற்றினாள். கம்பியைக் குழியில் அழுத்தி உட்கார வைத்தாள். பிளஸ்ஸை மாட்டி முடுக்கினாள், மைனஸ்ஸை மாட்டி முடுக்கினாள், ஆட்டிப் பார்த்தாள். ஸ்பேனர் ஒரு தடவைகூட நழுவவில்லை. பானெட்டை மூடி, அவரைத் தாங்கி உட்கார வைத்து, ஒரே திருகலில் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனாள்.

பாதி வழியில் மாஸ்டர் அவள் பக்கம் திரும்பினார். பிறகு கேட்டார்: “எப்போ கத்துக்கிட்டே?”

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. “நீங்க சொல்லிக்குடுத்த அன்னிக்கே.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய தோள் குலுங்கியது. வலியால்தானா என்று அவள் கேட்கவில்லை.

விரல்கள் பிழைத்தன. கட்டுப் பிரிக்கும்வரை அவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டாள், தலை துவட்டிவிட்டாள். சின்னக் குழந்தையைப் போல் அவர் எல்லாவற்றுக்கும் இசைந்து கொடுத்தார். ஒரு நாள் பொத்தான் போடும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “உன்னை ரொம்பப் படுத்திட்டேன்” என்றார். இருந்துவிடுவார் என்று அவளுக்கு ஆசை முளைத்தது. அக்காவிடம்கூடச் சொல்லவில்லை, கண் பட்டுவிடுமே.

கட்டுப் பிரித்த மறுநாள் காலை, பெட்டியோடு வெளியே வந்தார்.

அவள் ஆணியில் இருந்த சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். பஸ் நிலையத்தில் அவர் இறங்கி, பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, ஜன்னல் அருகே குனிந்தார். எதையோ சொல்லத் தேடினார்.

“பின்னாடி வலது டயர்ல காத்து கொஞ்சம்...”

“காலையிலேயே பாத்தேன். அடிச்சுட்டேன்.”

“ஆயில்?”

“சரியா இருக்கு.”

“ஸ்டெப்னி?”

“அதையும் பாத்துட்டேங்க.”

அவர் தலையாட்டினார். இன்னும் கொஞ்சம் நின்றார். கேட்பதற்கு வேறொன்றும் இல்லாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டார். பின்னால் ஒரு பஸ் வழி கேட்டு ஹாரன் அடிக்கவே, அவள் வண்டியை எடுக்க வேண்டியதாயிற்று.